பன்னிரண்டரை மணி நடை

என் அம்மாவின் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்குக்கு அடியில் ஒரு கற்றைப் பேருந்துச் சீட்டுகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்காத சீட்டுகள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்றாலும், நடத்துநர் அவர்களுக்கும் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பயணங்களுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுவதால் தலைக்கணக்கு தேவைப்படுகிறது. இதை விளக்கியபோது, "துட்டு குடுக்கலனாலும் நானும் கணக்குல வரேன் இல்ல?" என்று கேட்ட அம்மா, அன்றிலிருந்து ஒரு சீட்டையும் எறிவதில்லை.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளையும் பூமி. காட்பாடியில் இருக்கும் என் அக்காவுக்கு அந்தக் காயைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அம்மாவின் வாராந்தரப் பயணம். வேலூர்க் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடும் ஒன்றாம் எண் பேருந்தையோ இரண்டாம் எண் பேருந்தையோ பிடிக்க வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனை நிறுத்தத்தில் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி வங்காளத்துக் குடும்பங்கள் ஏறும்போது, அதுவரை "உள்ள போம்மா, உள்ள போ" என்று கத்திக்கொண்டிருந்த நடத்துநர், மூச்சு விடாமல் "ஆகே சலோ, ஆகே சலோ" என்று மாறிவிடுவார். அம்மாவுக்குத் தெரிந்த இந்தி அந்த இரண்டு சொற்கள்தான். வீட்டில் கோழியை விரட்டவும் அதையே பயன்படுத்துகிறார்.

என் சிறுவயதில் இப்பகுதிப் பேருந்துகளில் திராவிட இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் எழுதியிருக்கும். அப்பெயர் கொண்ட போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் வேலூரில்தான் இருந்தது. தெற்கே ஒரு கழகத்துக்குச் சூட்டிய பெயரை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டபின், 1997-இல் மாநிலம் முழுவதும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அப்பா மட்டும் கடைசிவரை "அழகிரி வண்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. வண்டியே வராமல் போவதுதான் வருத்தம். எங்கள் ஊருக்கு வரும் அரசுப் பேருந்தின் பன்னிரண்டரை மணி நடையை, ஆள் இல்லை என்றோ வண்டி பழுது என்றோ, சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடுகிறார்கள். சென்ற மாதம் அம்மாவோடு புளியமரத்தடியில் நானும் நின்றேன். இரண்டு தனியார் பேருந்துகள் நின்று போயின. அம்மா ஏறவில்லை. சும்மா போகிற வண்டி இருக்கும்போது எதற்குக் காசு என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்தோடு மரத்தடியில் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள், ஒருத்தியின் இடுப்பில் காய்ச்சல் கண்ட குழந்தை.

திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகனிடமோ கணவனிடமோ கை நீட்டாமல் வேலூர் போய் வருகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால், அந்தச் சீட்டு ஏறியவர்களைத்தான் எண்ணுகிறது. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. நடை வெட்டப்பட்ட நாளின் கணக்கைப் பார்ப்பவருக்கு எங்கள் ஊரில் பயணிகளே இல்லை என்றுதானே தோன்றும்? அதையே காரணம் காட்டி அந்த நடையை நிரந்தரமாக நிறுத்திவிடவும் கூடும்.

இரண்டு மணிக்கு மூன்றாவது தனியார் பேருந்து வந்தது. பையை நான் பிடுங்கிக்கொண்டு ஏறியதால் அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். இருவருக்கும் காசு கொடுத்தேன். தன் சீட்டை அம்மா சுருக்குப் பையில் வைக்கவில்லை. ஊசூர் வருவதற்குள் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார்.