பெருக்கல் எங்கிருந்து வந்தது?

தொற்று பரவுவதை வகைக்கெழுச் சமன்பாடாக, அதாவது ஓர் எண்ணிக்கை நேரத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் சமன்பாடாக, எழுதக் கற்றுக்கொடுக்கும்போது முதல் வகுப்பில் நான் சமன்பாட்டையே எழுதுவதில்லை. பலகையில் மூன்று வரி வந்துவிட்டால் மாணவர்கள் உடனே அதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள், அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் முதலில் ஒரு விளையாட்டு. ஒருவர் கையில் மட்டும் 'தொற்று' சீட்டு. சுற்றுக்கு ஒரு முறை எல்லோரும் யாராவது ஒருவரோடு கைகுலுக்க வேண்டும், தொற்று உள்ளவர் கை பட்டால் ஒட்டிக்கொள்ளும், சுற்று முடிந்ததும் தொற்று உள்ளவர்கள் பகடை உருட்டி ஆறு விழுந்தால் குணம், அப்புறம் அவருக்குத் திரும்ப வராது. எண்ணிக்கை முதலில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், பிறகு தளரும். ஏன் என்று கேட்டால், "பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்துடுச்சே, அவங்களோட கைகுலுக்கி என்ன பிரயோஜனம்?" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில்தான் பெருக்கல்! புதிய தொற்று, நோயுள்ளவர்களையும் இன்னும் நோய் வராதவர்களையும் ஒருசேரப் பொறுத்தது, அதனால் சமன்பாட்டில் அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பெருக்குகிறோம். குணமாகும் வீதம் (சமன்பாட்டில் காமா என்ற எழுத்து) ஆறில் ஒன்று, அதாவது சராசரியாக ஆறு சுற்று நோய். இதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், நோயுள்ளவர்கள் எண்ணிக்கை தொடும் உச்சம். எல்லோருக்கும் வந்து முடிந்த பிறகுதான் நோய் இறங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் ஒருவர் சராசரியாக 2 பேருக்குப் பரப்பும் நோய், பாதிப் பேருக்கு வந்ததுமே இறங்கத் தொடங்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒருவர் சராசரியாக ஒருவருக்குக்கூடப் பரப்ப முடியாது. ஆனால் அங்கே நின்றுவிடாது, அப்போது நோயோடு இருப்பவர்கள் தொடர்ந்து பரப்புவதால் கடைசியில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு வந்துவிடும். கணினியில் சிறுசிறு படிகளாகக் கணக்கிட்டு அந்த 80-ஐக் கண்ணால் பார்க்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

சரி, சமன்பாடு தரும் கோடு உண்மையான எண்ணிக்கையோடு பொருந்திவிட்டால் அந்தக் கணித மாதிரி சரியா? இதற்கு, இந்த வகைச் சமன்பாடுகளை முன்வைத்து 1927-இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் எழுதிய கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன். 1905-06 பம்பாய் பிளேக் இறப்பு எண்ணிக்கை அவர்கள் வரைந்த வளைகோட்டோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பிளேக் பெரும்பாலும் எலிகளின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவியது, மனிதரிடமிருந்து நேராக மனிதருக்கு அல்ல. அப்படியானால் நம் பெருக்கலில் யாரை யாரோடு பெருக்கினோம்? போன வாரம் இந்தக் கேள்வியோடு வகுப்பு முடிந்தது. அடுத்த வகுப்பில் எலிக்கு ஒன்று, தெள்ளுப்பூச்சிக்கு ஒன்று என்று தனித்தனிச் சமன்பாடு எழுதப் போகிறோம்.