மேகத்தில் ஒரு வீடு

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் தார்ப்னெஸ் என்றொரு சிற்றூர். மீனவக் குடியிருப்பாக இருந்ததை ஸ்டூவர்ட் ஓகில்வி என்ற செல்வந்தர் 1910 முதல் விடுமுறைக் கிராமமாக மாற்றினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள தண்ணீர்த் தொட்டி. 1923இல் எழுந்த அந்தக் கோபுரம் கண்ணை உறுத்தக்கூடாதென்று, உச்சியிலிருந்த தொட்டியைச் சுற்றிப் பலகை அடித்து, ஜன்னல் வைத்து, கூரை போட்டு வீடாகவே ஆக்கிவிட்டார்கள்! தொட்டிக்குக் கீழே மெய்யாகவே ஆட்கள் குடியிருந்தார்கள். தண்ணீர் இறைத்தது, பக்கத்து ஆல்டரிங்ஹாமில் மாவரைத்துக்கொண்டிருந்த காற்றாலை. அதையும் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்ன துணிச்சல்!

ஊரில் ஒரு செயற்கை ஏரியும் உண்டு. அதன் ஆழம் ஏறக்குறைய 3 அடிதான். குழந்தைகள் பயமின்றித் தாங்களே துடுப்புப் போடலாம். ஏரித் தீவுகளில், வளரவே வளராத சிறுவனைப் பற்றிய பீட்டர் பான் கதையின் இடங்கள். 1970களில் ஓகில்வி குடும்பம் ஊரின் பெரும்பகுதியை விற்க நேர்ந்தது வருத்தமே. படகுகள் இன்றும் வாடகைக்குக் கிடைக்கின்றன.