சர்க்கரை வரிசைக்குப் பக்கத்து மேசை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசகர் என்றதும் சென்னை நண்பர்கள் குளிரூட்டிய அறையைக் கற்பனை செய்கிறார்கள். எனக்கு இருப்பது பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வாரம் ஒரு நாள் போகிறேன்.

மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு இங்கே யாரும் வருவதில்லை. உடம்பு எரியுது, நெஞ்சு படபடக்குது, ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க என்றுதான் வருவார்கள். பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாது. அதே புகாரோடு திரும்பத் திரும்ப வருபவரை டாக்டர், "அந்த மேடத்தையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்கம்மா" என்று அனுப்புவார். அதே ஓ.பி. சீட்டு, அதே கட்டடம் என்பதால் வந்து உட்காருகிறார்கள். பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால், சொந்தக்காரர் கண்ணில் பட்டால் மகளுக்கு வரன் வராதே என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா என்பது முதல் கேள்வி. "ஆர்வம் இல்லேன்னா மாட்டுக்கு யாரு புல்லறுப்பா கண்ணு?" என்றார் ஒரு பாட்டி. சரிதானே! அதனால் சீரியல் பார்க்கிறீர்களா, பேரன் வந்தால் என்ன சமைப்பீர்கள் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பேன். ஒன்பதாவது கேள்வியை மட்டும் நேராகக் கேட்டுவிடுவேன், அது சாவைப் பற்றியது. ஆமாம் என்றால் அடுத்து, பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்பேன். அன்றே அதை அண்ணன் வீட்டுக்கோ பூட்டிய மோட்டார் ரூமுக்கோ மாற்றச் சொல்லி, கூட வந்தவரிடமும் பேசி, டாக்டரிடம் திரும்பக் கூட்டிப்போவேன்.

2021இல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது என் வேலைக்கு எந்தப் பயிற்சி வகுப்பையும்விட உதவியது. அடுத்த வாரம் வர வீட்டுக்காரரிடம் காசு கேட்க வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம். ஆனால் பேச்சு எவ்வளவு நேரம் என்பதைப் பஸ்தான் முடிவு செய்யும்.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் போதாதா என்பார்கள் சிலர். எந்நேரமும் எடுப்பார்கள், நல்ல சேவைதான், எண்ணை எல்லோருக்கும் எழுதியே தருகிறேன். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் கணவர் சட்டைப் பையில்.

இப்போதைக்குத் தேவை, மூடிவிட்டுப் பேச ஒரு கதவு. நம்பிக்கை மைய அறை சில நேரம் காலியாக இருக்கும், ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே என்பது ஊருக்கே தெரியும், யாரும் நுழைய மாட்டார்கள். ஸ்டோர் ரூமில் பாதியைத் தடுத்துத் தரலாம் என்கிறார் டாக்டர். ஜன்னல் இல்லை. பரவாயில்லை, ஃபேன் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.