மியாட்டாவுக்கு 525 டாலரில் சஸ்பென்ஷன்: முதலில் டிராவல், கடைசியில் ஸ்வே பார்

வண்டி: 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்று விற்றது. என்ஏ என்ற முதல் தலைமுறை, 1.6 லிட்டர் இன்ஜின், 14 அங்குல வீல், 185/60 டயர். ஒஹாயோவில் உப்புப் போட்ட குளிர்காலச் சாலைகளைப் பார்த்தது என்பதால் அடிப்பக்கத்தில் எந்த போல்ட்டும் சும்மா கழன்று வராது. வேலை நான்கு வார இறுதிகள் பிடித்தது.

குறைந்த செலவில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது உயரம் குறைக்கும் ஸ்பிரிங். இந்த வண்டிக்கு அதுதான் மிகத் தவறான தொடக்கம். என்ஏ-வில் ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) உள்ளே அமுங்குவதற்கு இருக்கும் இடமே, அதாவது டிராவலே, குறைவு, அதிலும் பின்பக்கம் ரொம்பக் குறைவு. ஒரு அங்குலம் இறக்கினால் சாதாரண மேடு பள்ளத்திலேயே வண்டி ஸ்பிரிங்கை விட்டுவிட்டு பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கி முட்டாமல் தடுக்கும் ஃபோம் கட்டை) மேல் ஓடத் தொடங்கும். வளைவின் நடுவில் ஒரு பக்கம் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்போது அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங் ரேட் (விறைப்பு) ஒரே நொடியில் பல மடங்கு ஏறுகிறது, பிடிப்பு போய்விடுகிறது. "வண்டி திடீரென்று பின்னால் உதறுகிறது" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு எதுவும் வேண்டாம். டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு ஷாக் தண்டில் ஒரு ஜிப் டையைச் சற்று இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடலின் வாய் வரை கீழே தள்ளிவிட வேண்டும். வழக்கமாகப் போகும் சாலையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஷாக் எதுவரை அமுங்கியது என்பதை டை காட்டிக் கொடுக்கும். இந்த வண்டியில் பின்பக்க டை இரண்டும் பம்ப் ஸ்டாப்பின் அடியில் போய் ஒட்டியிருந்தன. பம்ப் ஸ்டாப்பைத் தொட்டதும் அது தூளாக விரலில் வந்தது. முப்பது வருட ஃபோம்.

அதனால் பணம் போன வரிசை இது: முழு ஷாக் செட், பம்ப் ஸ்டாப், முன் ஸ்வே பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது).

ஷாக், ஸ்பிரிங், மேல் மவுன்ட்

அடுத்த தலைமுறையான என்பி-யின் ஷாக், ஸ்பிரிங், மேல் மவுன்ட் மூன்றும் சேர்ந்த செட் என்ஏ-வில் நேராகப் பொருந்தும். மேலே இரண்டு நட்டு, கீழே ஒரு போல்ட், வெட்டவோ துளைக்கவோ எதுவும் இல்லை. என்பி மவுன்ட்டில் தண்டைப் பிடிக்கும் இடம் சற்று மேலே இருப்பதால் அமுங்கும் டிராவல் கூடுகிறது. இந்தச் செலவில் இதற்கு இணையான லாபம் வேறு எதிலும் இல்லை. புது காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் செட்) மாட்டுபவர்கள் கழற்றி வைத்த செட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஸ்போர்ட் பேக்கேஜ் வண்டியின் பில்ஸ்டைன் கம்பெனி ஷாக் செட், நான்கு மூலைக்கும் சேர்த்து 160 டாலர்.

பழைய பில்ஸ்டைனை வாங்கும்போது சோதிக்க வேண்டியது ஒன்றுதான். ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் தண்டை உள்ளே அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், அது தானாக நிதானமாக வெளியே வர வேண்டும். அமுக்கிய இடத்திலேயே நின்றால் உள்ளே அடைத்த கேஸ் போய்விட்டது என்று அர்த்தம். சீல் அருகே லேசான ஈரம் பரவாயில்லை, எண்ணெய் வழிந்து தூசு அப்பியிருந்தால் வேண்டாம்.

பம்ப் ஸ்டாப் மாற்ற ஸ்பிரிங் கம்ப்ரசர் வேண்டும். இரண்டு பக்கத்தையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திப்போனால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கி வழுக்கும். இம்பாக்ட் ரெஞ்ச் இதற்கு ஆகாது. ஸ்பிரிங்கின் முனை எந்த நேரமும் உடம்புக்கு நேராக இருக்கக் கூடாது.

புது பம்ப் ஸ்டாப்பை நீளம் குறைக்க வெட்டுவதாக இருந்தால் தடித்த மேல் பக்கத்தில் வெட்ட வேண்டும். கூம்பிய நுனிதான் மெதுவாகத் தொட்டு மெதுவாக இறுகும் பகுதி. அதை வெட்டி எறிந்துவிட்டுத் தடித்த பாகத்தை மிச்சம் வைத்தால் பழைய உதறல் அப்படியே திரும்பி வரும். இங்கே எதையும் வெட்டவில்லை. உயரம் குறைக்காதபோது தேவையே இல்லை.

கழற்றும்போது முன்பக்கம் மேல் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) நீள போல்ட்டை உருவினால் நக்கிள் (சக்கரம் பூட்டிய பாகம்) வெளியே சாயும், ஷாக் வர இடம் கிடைக்கும். சாய்வதற்கு முன் பிரேக் காலிபரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் எடை முழுவதும் பிரேக் ஹோஸில் விழும். பின்பக்கம் மேல் நட்டுகள் டிக்கிக்குள் இருக்கின்றன. இடது பக்கத்தில் பெட்ரோல் ஊற்றும் குழாயை மூடிய தகட்டைக் கழற்றினால்தான் கை போகும். நட்டு எல்லாம் 14 மி.மீ. ரெஞ்ச், கீழ் போல்ட் 17. முந்தின இரவே எல்லா மரையிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டதால் மூன்று மூலை ஒரே நாளில் முடிந்தது.

நான்காவது மூலையில் முன் வலது பக்கம் மாட்டி ஓட்டியதும் சிறு மேட்டில் "லொடக்" என்றது. எண்ட் லிங்க் (ஸ்வே பாரின் நுனியை ஆர்மோடு இணைக்கும் சிறு தண்டு), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) எல்லாம் ஆட்டிப் பார்த்தும் ஆட்டம் இல்லை. போனட்டைத் திறந்து மவுன்ட்டின் நடுவில் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவர் ஃபெண்டரை அமுக்கியபோது தண்டின் நட்டு ஒரு மயிரிழை எழுந்து உட்காருவது விரலில் தெரிந்தது. பம்ப் ஸ்டாப் மாற்றியபோது மேல் வாஷர் ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. குழி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கழற்றும் முன் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்த இரண்டு மணி நேரம் மிச்சம்.

கடைசி இறுக்கம் முக்கியம். ஆர்ம்களில் இருப்பது ரப்பரும் இரும்புக் குழாயும் ஒட்டிய புஷ். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். வண்டி உயரமும் பொய்யாக ஏறி நிற்கும். ஆகவே போல்ட்டுகளை லூசாக மாட்டி, வண்டியை அதன் எடையில் நிறுத்தி, பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்). இதற்கு 2x10 மரப்பலகைகளை ஸ்க்ரூ போட்டு அடுக்கிய நான்கு கட்டைகள் போதும், அடியில் படுத்து வேலை செய்ய இடம் கிடைக்கும். ஷாக் கீழ் போல்ட் 80 நியூட்டன் மீட்டர், மேல் நட்டு 30, வீல் நட்டு 100.

உயரம், வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை: ஏறக்குறைய பழையதே. முன்பு இடது வலது இடையே 5 மி.மீ. வித்தியாசம் இருந்தது, இப்போது 1.

ஸ்வே பார்

ஸ்வே பார் வண்டியின் மொத்தப் பிடிப்பைக் கூட்டும் பொருள் அல்ல. வளைவில் இடம் மாறும் சுமையில் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்று பங்கு பிரிப்பது அது. வண்டி சாய்வதையும் குறைக்கும். சாய்வு குறைந்தால் வெளிச் சக்கரம் காம்பரை (சக்கரம் உள்பக்கம் சாய்ந்து நிற்கும் கோணம்) இழப்பதும் குறையும்.

உள்ளே குழியில்லாத கெட்டிப் பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். இந்த 1.6-ல் முன்னால் 19 மி.மீ., பின்னால் 12. முன்பாரை 22 ஆக்கினால் விறைப்பு சுமார் 1.8 மடங்கு. மூன்று மில்லிமீட்டர்தானே என்று கண்ணுக்குத் தோன்றும், சாலையில் அப்படித் தோன்றாது. என்பி-யின் 22 மி.மீ. பார், அதன் புஷ், பிராக்கெட் எல்லாம் சேர்த்து 50 டாலர். விட்டம் அளக்கும் காலிபர் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும். என்பி-யிலும் எல்லா மாடலுக்கும் ஒரே தடிமன் இல்லை.

பின்பார் 12-லேயே விடப்பட்டது. ஆசைப்பட்டு 14 போட்டால் பின்னால் 1.85 மடங்கு விறைப்பு, வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகிவிடும். இந்த ஆண்டு வண்டிகளில் இருப்பது ஓப்பன் டிஃபரென்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் பாகம்) அல்லது விஸ்கஸ் வகை. லேசான சக்கரம் சும்மா சுழலும், வளைவை விட்டு வெளியேறும்போது இழுவை இருக்காது. மழையில் இன்னும் மோசம்.

மாட்டும் முன் வண்டியின் முன் ஃபிரேமில் பார் பிராக்கெட் பூட்டும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். என்ஏ-வில் அந்த மவுன்ட் பலம் குறைந்தது, தடித்த பார் போட்ட வண்டிகளில் அங்கே விரிசல் விட்டுக் கிழியும். இதில் துரு மட்டும்தான், விரிசல் இல்லை. 22-க்கு மேல் போவதாக இருந்தால் அந்த மவுன்ட்டைப் பலப்படுத்தாமல் போகக் கூடாது.

பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ் உள்பக்கம் முழுக்கத் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் நிற்காது, ஒரு மாதத்தில் கிறீச் சத்தம் வரும். பிராக்கெட்டை இறுக்கியபின், எண்ட் லிங்க் மாட்டாமல், பாரைக் கையால் தூக்கிவிட்டால் அது தன் எடையில் இறங்க வேண்டும். அங்கேயே நின்றால் புஷ் கவ்வுகிறது. கவ்வும் புஷ் இன்னொரு ஸ்பிரிங்கைப் போல வேலை செய்து சவாரியைக் கெடுக்கும்.

எண்ட் லிங்க்கை வண்டி கட்டைகளின் மேல் நிற்கும்போதுதான் மாட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கிக்கொள்ளும், இரண்டாவது லிங்க் ஓட்டைக்கு நேராக வராது. அதை நெம்பி மாட்டினால் வண்டி இடதுக்கு ஒரு மாதிரி, வலதுக்கு ஒரு மாதிரி திரும்பும். சரியான நிலையில் இரண்டாவது போல்ட் விரலாலேயே உள்ளே போகும். பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு கோடி வரை திருப்பி, பாரின் கை டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். புது எண்ட் லிங்க் இரண்டு, 40 டாலர்.

அலைன்மென்ட்

கீழ் ஆர்ம்களில் மொத்தம் எட்டு கேம் போல்ட் (திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்). அவை திரும்பாவிட்டால் எந்தக் கடையும் அலைன்மென்ட் செய்ய முடியாது, காசு மட்டும் போகும். முதலில் எட்டையும் கழற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும். இதில் ஏழு திரும்பின. பின் இடதில் ஒன்று புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவில் ஒன்றாகிவிட்டது. சூடு காட்டினால் ரப்பர் எரியும். இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி, புது புஷ், புது போல்ட்: 80 டாலர். புது போல்ட்டின் தண்டில் ஆன்ட்டி-சீஸ் (துருவில் பிடிக்காமல் காக்கும் பசை) தாராளமாகத் தடவப்பட்டது. மற்ற ஏழுக்கும் அதேதான்.

ஓட்டுநர் இருக்கையில் எடை வைக்காமல் அளந்தால் அளவு பொய். 20 பவுண்டு அரிசிப் பை எட்டு அடுக்கினால் 160 பவுண்டு. பெட்ரோல் அரை டேங்க். பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு.

முன் காம்பர் மைனஸ் 1.2 டிகிரி, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 5, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மொத்தம் 1 மி.மீ. உள்நோக்கி. பின் காம்பர் மைனஸ் 1.6, டோ 2 மி.மீ. உள்நோக்கி. பின்பக்க டோ வெளிநோக்கிப் போனால் பிரேக் போடும்போது வால் அலையும், அதில் மட்டும் சமரசம் கிடையாது. கடையில் 110 டாலர்.

முன்பார் தடித்ததால் மெதுவான கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் சற்று வெளியே தள்ளுவது அலைன்மென்ட்டுக்கு முன் தெரிந்தது. காம்பர் 1.2-க்கு வந்தபின் அது பெருமளவு போய்விட்டது. வேகமான வளைவில் ஸ்டீயரிங் திருப்பியதும் மூக்கு உடனே வருகிறது.

செலவு: செட் 160, பம்ப் ஸ்டாப் 60, பார் 50, எண்ட் லிங்க் 40, புஷ்ஷும் போல்ட்டும் 80, அலைன்மென்ட் 110, கிரீஸ், எண்ணெய், சில்லறை 25. மொத்தம் 525.

அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி ஜிப் டை சோதனை: பின்பக்கம் இடதில் பம்ப் ஸ்டாப்பைத் தொட 14 மி.மீ. பாக்கி, வலதில் 12. நூறு மைல் ஓடியபின் எல்லா போல்ட்டிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்ததில் முன் பார் பிராக்கெட் இரண்டு மட்டும் கால் சுற்று ஏறின. மற்றவை நகரவில்லை. பின் இடது கீழ் ஆர்மில் இன்னும் ஒரு பழைய புஷ் வெடித்த நிலையில் இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் அந்த ஆர்ம் முழுதாகக் கீழே வரும்.