முரசு அடிக்காத மாதம்

மே 12, 2025, திங்கள். அக்ரா

இன்றிலிருந்து ஜூன் 12 வரை ஊருக்குள் கொட்டுமேளம் கூடாது. கானாவின் இந்தத் தலைநகரத்துப் பூர்வகுடிகளான கா மக்களின் மரபு மன்றம் வருஷா வருஷம் போடுகிற தடை இது. மாநகராட்சியும் சேர்ந்துகொள்கிறது. வழிபாடு கட்டடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒலிபெருக்கியை வெளியே வைக்கக் கூடாது. தெருமுனைப் பிரசங்கம் அறவே கூடாது. கண்காணிக்க அடையாள அட்டை மாட்டிய ஆட்கள் சுற்றி வருவார்கள்.

காரணம் விதைப்பு. வெள்ளை உடுத்தி வெறுங்காலோடு நடக்கும் பூசாரிகள், வுலோமோக்கள், விழாவுக்கான தானியத்தை மண்ணில் போட்டிருக்கிறார்கள். அது முளைத்து நிமிரும்வரை தெய்வங்களுக்குச் சத்தம் ஆகாது. அப்புறம் ஆகஸ்டில் ஹோமோவோ திருவிழா. பசியைப் பார்த்துக் கூவிக் கேலி செய்வது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம்.

எனக்கு இதில் ஒரு லாபம். வீட்டின் பின்மதிலை ஒட்டி ஒரு கரிஸ்மாட்டிக் சபை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தால் விடியும்வரை ஓயாது. இந்த ஒரு மாதம் தூங்கலாம்.

மே 14, புதன்

ஆபீஸ் டிரைவர் காலையிலிருந்து பொருமிக்கொண்டே வண்டி ஓட்டினார். அசாந்தி இனம், பெந்தகொஸ்தே. "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், பாஸ். சிலையையும் கல்லையும் கும்பிடுகிற நாலு பேருக்காக வாயை மூட வேண்டுமா?"

கணக்குப் பார்க்கிறவன் புத்தி, எண்ணைத் தேடினேன். கானாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 71.3 சதவீதம், மரபு வழிபாட்டுக்காரர்கள் 3.2 சதவீதம். அவர் சொல்வது சரிதான்.

ராத்திரி வீட்டுக்கார ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் கா இனம், பரம்பரை பிரஸ்பிடீரியன், ஞாயிறு தவறாதவர். சோளமாவைப் பிசைந்தபடியே கேட்டார்: "வந்த விருந்தாளி பெருங்கூட்டம் என்பதற்காக வீடு அவனுடையது ஆகிவிடுமா, மகனே?"

1998-இல் இதே தடைக் காலத்தில் அக்ராவின் கோர்லெ பூ பக்கம் ஒரு பெரிய சபைக்குள் ஆட்கள் புகுந்து தாக்கினார்கள். அடுத்த சில வருஷங்களும் மே மாதம் என்றாலே கைகலப்புத்தான். அட்டை மாட்டிய ஆட்கள் அந்தச் சண்டைகளுக்குப் பின் வந்தவர்கள்.

மே 18, ஞாயிறு

ஆன்ட்டி என்னை அக்ராவின் கடற்கரைப் பகுதியான ஓசுவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய பகுதிக்குப் பெயர் சேலம். (நம் சேலம் இல்லை, சலேம்.) 1828-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் இந்தக் கடற்கரையில்தான் வந்து இறங்கினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தால் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். அதனால் தனியாக வீடு கட்டிக் குடிவைத்தார்கள். தலைவனின் ஊர் ஒன்று, மிஷனின் ஊர் ஒன்று. ஒரே குடும்பம் இரண்டு அதிகாரத்துக்குள் பிரிந்து கிடந்தது.

ஆனால் மொழியை வெளியே நிறுத்த முடியவில்லை. கா மொழியில் கடவுளுக்கு ஆட்டா நா ந்யோங்மோ என்று பெயர். ஆட்டா தந்தை, நா பாட்டி. நாம் அம்மையப்பன் என்பதற்குப் பக்கத்தில் வருகிறது. ந்யோங்மோ என்றால் மழையும்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தூறல் விழுந்தது. ஆன்ட்டி குடையை விரித்தபடி ஏதோ சொன்னார். "மழை பெய்கிறது" என்றாராம். எனக்கு அதில் கடவுள் பெயர்தான் கேட்டது.

மே 31, சனி

எங்கள் கேஷியர் பெண்ணுக்கு நிச்சயம். ஏற்கெனவே மாப்பிள்ளை வீட்டார் வந்து "கதவு தட்டி"ப் போயிருந்தார்கள். இன்று பெரிய சடங்கு. இது முடியாமல் அவள் சபைப் போதகர் கல்யாணத்தை ஆசீர்வதிக்க மாட்டார். இரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு பேச்சுக்காரம்மா. மற்ற யாரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. தலைவனிடம் பேச நடுவில் ஒச்சியாமே என்கிற பேச்சாளர் வேண்டும் என்கிற அரண்மனை வழக்கம் அப்படியே கல்யாண வீட்டில்.

தட்டுகளில் துணி, மோதிரம், பைபிள். ஷ்னாப்ஸ் மது இருக்க வேண்டிய இடத்தில் பழச்சாறு பாட்டில், கழுத்தில் ரிப்பன் கட்டி. இந்தச் சபையில் மது பாவம். ஆனால் பாட்டில் இல்லாமல் பெண் கேட்க முடியாதே! "இதை வாங்கிக்கொள்ளலாமா?" என்று பெண்ணிடம் மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்தது. நானும் மூக்கை உறிஞ்சினேன்.

போதகரை எல்லாரும் ஒசொஃபோ என்றார்கள். பழைய கோவில் பூசாரிக்கும் அதுதான் பெயர்.

ஜூன் 6, வெள்ளி

பின்மதில் சபையில் இன்று கைதட்டல் மட்டும். நூறு பேர் மெல்லிய குரலில் ஜெபித்தால் அது சத்தத்தைவிட மோசம். தூங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

தடை நீங்கியது. அக்ராவின் க்பெசே பகுதித் தலைவர் ஒடாடா முரசை முழக்கித் தொடங்கிவைப்பது மரபு. மாலை ஆறரைக்கெல்லாம் பின்மதில் ஒலிபெருக்கி "ஹலோ, ஹலோ" என்றது.

ஜூன் 22, ஞாயிறு. குமாசி

அசாந்தி மன்னரின் ஊர் இது. கிளைக் கணக்குப் பார்க்க வந்த இடத்தில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. மாதா சப்பரம் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிக்காரனுக்குப் பவனி புதிதில்லை. ஆனால் இது வேறு. முதலில் கொம்பு ஊதும் சத்தம். பிறகு ஃபொன்டொம்ஃப்ரொம், ஆள் உயர முரசு. முன்னால் ஒருவன் தலையில் சுமந்து நடக்க, பின்னால் வருகிறவன் அடிக்கிறான். அதற்குப் பின்னால், தலைவர்களுக்கே உரிய பெருங்குடையின் கீழ், கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை. குடைக்காரன் குடையைச் சும்மா பிடிப்பதில்லை; மேலும் கீழுமாகக் குலுக்குகிறான். பட்டுக் குஞ்சங்கள் துள்ளுகின்றன. அசாந்தி மன்னர் வந்தால் என்ன மரியாதையோ அது.

1970-லிருந்து 2008 வரை இங்கே ஆயராகவும் பேராயராகவும் இருந்த பீட்டர் சர்போங் மானுடவியல் படித்தவர். அசாந்திப் பெண்களின் பூப்புச் சடங்கைப் பற்றியே புத்தகம் எழுதியவர். இயேசு அரசர் என்று சொன்னால் மட்டும் போதாது, இந்த ஊருக்கு அரசர் என்றால் எப்படி இருப்பார் என்று காட்ட வேண்டும் என்று நினைத்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்பவர். அக்ராவில் மண்ணுக்காகச் சபை வாயை மூடியது. பத்து நாள் கழித்து இங்கே மன்னரின் முரசே சபைக்காக முழங்குகிறது.

பக்கத்தில் நின்றவர் டிரைவரின் தாய்மாமா, கத்தோலிக்கர். பாத்திரம் நெருங்கியதும் தோளில் கிடந்த துணியை இடுப்புக்கு இறக்கினார், செருப்பிலிருந்து காலை எடுத்துத் தார் ரோட்டில் வைத்தார். தலைவன் முன்னால் அப்படித்தான் நிற்பார்களாம்.

ராத்திரி ஃபுஃபு சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் கேட்டேன்: எங்கள் பின்மதில் சபையை ஆரம்பித்தவரையும் மன்னர் மாதிரித்தானே நடத்துகிறார்கள்? அவர் சிரித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். அசாந்தியில் மகன் பட்டத்துக்கு வருவதில்லை, தாய்வழிதான். ஆளைச் சொல்வது ராணித்தாய். தவறு செய்தால் பெரியவர்கள் குற்றச்சாட்டுப் படித்து ஆசனத்திலிருந்து இறக்கலாம். இறக்கும்போது செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் படவைப்பார்கள். அதோடு அவன் சாதாரண ஆள். "உங்கள் அக்ரா பாஸ்டர்கள் எங்கள் குடையை எடுத்துக்கொண்டார்கள். ராணித்தாயை எடுத்துக்கொண்டார்களா?"

எனக்கு இது நியாயமாகப் பட்டது. எங்கள் ஆயர்களை நினைத்தும்தான், அதை அவரிடம் சொல்லவில்லை.

பவனியின்போது டிரைவர் கொஞ்சம் தள்ளி, தலையாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். குடை அவரைத் தாண்டியபோது என்ன தோன்றியதோ, அவரும் செருப்பை உதறினார். அப்புறம் கூட்டத்தில் இடது செருப்பைக் காணோம். சூடு பொறுக்காமல் ஒற்றைக்காலில் நின்றார். நானும் மாமாவும் கால் மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் கெஜெட்டியா சந்தைப் பக்கம் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். காசு நான்தான் கொடுத்தேன், ஆபீஸ் கணக்கில் எழுதவில்லை.