வவுச்சர் டாலி, தெரு முழுக்க புகை

ரெண்டு மாசத்துல ஒரு நகராட்சியில குப்பை அள்ளுறதைப் பத்தி பெர்ஃபார்மன்ஸ் ஆடிட், அதுக்கு பிளான் போடுற வேலை என்கிட்ட வந்திருக்கு, ரெண்டு வாரமா மண்டைக்குள்ள இதுதான் ஓடுது.

சாதாரண ஆடிட்ல வவுச்சர் இருக்கா, டெண்டர் ஒழுங்கா விட்டாங்களா, எம்-புக்ல (முடிச்ச வேலையோட அளவை எழுதி வைக்கிற புத்தகம்) இருக்குற அளவும் பில்லும் ஒத்துப்போகுதானு பாப்போம். பெர்ஃபார்மன்ஸ் ஆடிட்ல காசை சிக்கனமா செலவு பண்ணாங்களா, அந்தக் காசுக்கு வேலை நடந்துச்சா, கடைசில ஊருக்கு என்ன பலன்னு மூணையும் கேக்கணும்.

சில வருஷம் முன்னாடி ஒரு ஊர்ல குப்பை வண்டி டீசல் கணக்கு பாத்தேன். லாக் புக், பில், கேஷ் புக் எல்லாம் டாலி, ஒரு பாரா கூட எழுத எதுவும் இல்ல. சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போறேன், தெருமுனைல குப்பை எரிஞ்சிட்டு இருக்கு, பக்கத்துல பூ கட்டிட்டு இருந்த அம்மா இருமிட்டே இருக்காங்க. நான் எழுதின ரிப்போர்ட்ல அந்தப் புகைக்கு எடமே இல்ல, இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

அதனால இந்த தடவை கேள்விய சரியா வைக்கணும்னு பிடிவாதமா இருக்கேன். "திடக்கழிவு மேலாண்மை எப்படி நடக்குது"னு வச்சா ஆறு மாசம் ஃபைல் புரட்டி எதையும் சொல்லாத ரிப்போர்ட் தான் வரும். நாங்க எடுக்குற வருஷங்களுக்கு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான் அளவுகோல், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பைனு மூணா பிரிக்கணும். அப்போ என் கேள்வி, வீட்ல பிரிச்சுக் குடுத்தது உரக்கூடம் வரைக்கும் பிரிச்ச மாதிரியே போய்ச் சேருதா? உள்ள போன மக்கும் குப்பை எவ்வளவு, வெளிய வந்த உரம் எவ்வளவு, எடை மேடை சீட்டோட அந்த ரெண்டு ரெஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே பாதி தெரிஞ்சிரும்.

காசு இல்லனு சொல்லுவாங்க, அதையும் பாத்துடணும், மத்திய அரசோட 15வது நிதிக்குழு சொன்னபடி 2021-26ல சின்ன நகரங்களுக்கு குடுத்த மானியத்துல 60 சதவீதம் இன்ன வேலைக்குத்தான்னு கட்டிப்போட்டு வந்தது, அதுல பாதி சுகாதாரம், குப்பைக்கு.

வார்டு எதுன்னு ஆபீஸ்காரங்க சொல்லக்கூடாது, சீட்டு குலுக்கி எடுக்கணும், வண்டி நுழையாத சந்து இருக்குற வார்டு ஒண்ணு கட்டாயம் சேக்கணும். தூய்மைப் பணியாளர்கள்கிட்ட சூப்பர்வைசர் பக்கத்துல இல்லாதப்போ பேசணும்.

பெருசா எடுத்தா லேட்டாகும்ங்கிற பயமும் இருக்கு. 2015 சென்னை வெள்ளத்தைப் பத்தின சிஏஜி (அரசு கணக்கைத் தணிக்கை பண்ற தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலைல, நடுவுல ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. அதனால தெருவிளக்கு, சொத்து வரி எல்லாத்தையும் வெட்டிட்டேன், குப்பை மட்டும்தான்.

ஆடிட் தொடங்குறப்போ நகராட்சி ஆபீஸர்களோட நடக்குற என்ட்ரி மீட்டிங்குக்கு முந்தின நாள், யார்கிட்டயும் சொல்லாம விடிகாலை அஞ்சரைக்கு வண்டி கிளம்புற ஷெட்டுல போய் நிக்கப்போறேன்.