எங்கள் பட்டிக்குள் ஆட்டுக்கொல்லி வந்தபோது

முதலில் ஒரு வெள்ளாடு இரை எடுக்காமல் ஒதுங்கி நின்றது. அடுத்து மூக்கில் கெட்டிச் சளி, கண்ணில் பீளை, அப்புறம் கழிச்சல். வாயைத் திறந்தால் ஈறெல்லாம் தவிட்டை அப்பியதுபோல் புண். “மான் வாடை பட்டிருச்சு” என்றார் அப்பத்தா. திருப்பத்தூர் பக்கம் எங்கள் கண்மாய்க்குக் கோடையில் புள்ளிமான்கள் தண்ணீர் குடிக்க வரும். ஆட்டுக்கு எது வந்தாலும் பழி மான்மேல்தான்.

கால்நடை மருந்தக டாக்டர் மானைப் பற்றிக் கேட்கவே இல்லை. “புதுசா ஆடு ஏதும் வாங்கினீங்களாம்மா?” என்றார். சித்தப்பா சந்தையில் கிடாய் பிடித்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சளியும் ரத்தமும் ஆய்வகம் போயின. ஆட்டுக்கொல்லி என்று முடிவு வந்தது. இந்தியாவில் இந்நோய் முதலில் தெரியவந்ததே 1987இல், விழுப்புரம் மாவட்டம் அரசூரில்தானாம். மனிதருக்கு ஒட்டாது. ஆனால் அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது.

நோய்ப்பட்டதைத் தனியாகக் கட்டினோம். நல்ல ஆடுகளைப் பார்த்து முடித்த பிறகே அங்கே போவோம். சளி முற்றாமலிருக்க ஆன்டிபயாடிக் ஊசி, நீர் வற்றாமலிருக்க குளூக்கோஸ். அப்பத்தா புண்ணைக் கழுவி போரிக் கிளிசரின் தடவி, ஆறிய கஞ்சியைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். தலையைத் தூக்கிப் பிடித்தால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் நிமிர்த்தவே மாட்டார். அப்படியும் குட்டிகள்தான் அதிகம் போயின. ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மிச்சத்தையாவது வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னார்கள். விற்றிருந்தால் நோய் அடுத்த ஊருக்கு நடந்தே போயிருக்கும்.

டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் எங்களை உலுக்கியது. இது ஆட்டிலிருந்து மானுக்கும் போகும். 2017இல் மங்கோலியாவில் சைகா என்னும் மானினம் இதே நோயில் ஆயிரக்கணக்கில் செத்தது. காட்டு மானைப் பிடித்து ஊசி போட முடியுமா? அன்றிலிருந்து ஆடுகளைக் கண்மாய்க்கு விடாமல் வீட்டிலேயே தொட்டித் தண்ணீர் காட்டினோம். வனக்காப்பாளரிடமும் சொன்னோம். அவர் கரையைச் சுற்றிப் பார்த்தார்; செத்த மான் எதுவும் தென்படவில்லை.

சுற்றுவட்டார ஊர்களில் நோய் வராத ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மருந்தைக் கலக்கிவிட்டால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். அதனால் விடியும் முன்னே ஆடுகளைக் கட்டி வைத்திருந்தோம். ஒரு தடவை போட்டால் மூன்று வருடமாவது தாங்கும். இப்போது பட்டியில் புதுக் குட்டிகள் இருக்கின்றன. நான்கு மாதம் ஆனதும் அவற்றுக்கும் போட வேண்டும். ஊசியே வேண்டாம் என்று நிற்கும் பக்கத்துக் கிடைக்காரர்களிடம் சித்தப்பாதான் பேசிக்கொண்டிருக்கிறார்.